பறவை பார்க்கப் போனால் மழைக்காடு பிழைக்குமா?

ஈக்வடாருக்குப் பன்னிரண்டு நாள் பறவைப் பயண விளம்பரம் ஒன்றைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். "கட்டணத்தில் ஒரு பகுதி வெப்பமண்டல மழைக்காட்டுப் பாதுகாப்புக்கு" என்று அதில் போட்டிருக்கிறது. இதை நம்பலாமா, இல்லை அந்தப் பணத்தை வீட்டிலிருந்தபடியே ஏதாவது ஓர் அமைப்புக்கு நன்கொடையாக அனுப்பிவிடுவது மேலா என்பது உங்கள் கேள்வி.

அந்த "ஒரு பகுதி"யை முதலில் ஒதுக்கி வைத்துவிடுங்கள். எவ்வளவு, யாருக்கு, எந்தக் காட்டுக்கு என்று சொல்லாத வாக்குறுதியைச் சரிபார்க்க வழியே கிடையாது. அப்படியே அவர்கள் நாணயமாகக் கொடுத்தாலும் அது பெரிய விஷயமில்லை. நீங்கள் யார் நிலத்தில் தங்குகிறீர்கள், யார் கையில் கூலி கொடுக்கிறீர்கள், எந்தப் பறவையைப் பார்க்க அங்கே போகிறீர்கள் என்ற மூன்றையும் பொறுத்ததுதான் காட்டுக்குக் கிடைக்கும் நன்மை. முதல் இரண்டையும் பலர் எழுதியாயிற்று. மூன்றாவதை யாரும் கேட்பதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது, ஏன் என்று சொல்கிறேன்.

ஈக்வடார் பரப்பளவில் தமிழ்நாட்டைப் போல இரண்டு மடங்குதான். அதில் 1,600க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் இருக்கின்றன. இந்தியா முழுவதையும் சேர்த்தாலே அந்த எண்ணிக்கை வராது. ஆண்டிஸ் மலைத்தொடர் நாட்டை நடுவில் பிளந்துகொண்டு போவதால் கிழக்கே அமேசான் காடு, மேற்கே பசிபிக் கடல் ஈரத்தில் ஊறிய சோக்கோ காடு என்று இரண்டு தனி உலகங்கள் உருவாகிவிட்டன. மேற்குப் பக்கத்துத் தாழ்நிலக் காட்டின் பெரும்பகுதி இப்போது இல்லை. வாழை, எண்ணெய்ப்பனை, மாட்டுப் பண்ணை மூன்றும் அதை விழுங்கிவிட்டன. சட்டமும் கை கொடுத்தது. 1964இல் வந்த நிலச்சீர்திருத்தச் சட்டத்தின்படி, குடியேறியவர் நிலத்துக்குப் பட்டா வாங்க வேண்டுமென்றால் அதைப் பயன்படுத்துவதாகக் காட்ட வேண்டும். மரத்தை வெட்டிப் புல் போட்டு மாடு கட்டினால் அது பயன்பாடு. காட்டைக் காடாகவே விட்டு வைத்தால் அது தரிசு நிலக் கணக்கு. இந்தச் சட்டத்தின் கீழ் வந்து உட்கார்ந்த ஏழை விவசாயிகளின் பிள்ளைகளிடம்தான் மிச்சமிருக்கும் காட்டில் கணிசமான பகுதி சின்னச் சின்னத் துண்டுகளாக இருக்கிறது. அரசாங்கத்துக் காட்டைப் பற்றி மட்டுமே யோசித்துப் பழகிய நமக்கு இது கொஞ்சம் புதிது. அங்கே ஒரு மலைச்சரிவு நிற்குமா விழுமா என்பதைப் பல இடங்களில் ஒரு குடும்பம் இராச் சாப்பாட்டின்போது முடிவு செய்துவிடும்.

அப்படி ஒரு குடும்பம்தான் ஆன்ஹெல் பாஸ் குடும்பம். தலைநகர் கிட்டோவிலிருந்து சுமார் இரண்டு மணி நேரம், மிண்டோ என்ற ஊருக்குப் பக்கத்தில் அவர்கள் நிலம். பறவை பார்க்கிறவர்களில் இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள் குறைவு. பாஸ் மரம் வெட்டியும் பழம் பயிரிட்டும் பிழைத்தவர். 2005 வாக்கில், தன் நிலத்துக் காட்டில் 'காக் ஆஃப் த ராக்' ஆண் பறவைகள் விடியலில் கூடி ஆடும் இடம் ஒன்று இருப்பதைக் கவனித்தார். செக்கச் சிவந்த பறவை, தலையில் அலகையே மூடும் கொண்டை, பெண் பறவை வந்தால் ஒரே கூச்சலும் குதிப்பும். இதைப் பார்க்க வெளிநாட்டார் பணம் கொடுப்பார்கள் என்று தெரிந்ததும் அந்த இடத்துக்குப் பாதை வெட்ட ஆரம்பித்தார். வெட்டின பாதையில் ஒரு நாள் மண்ணைக் கிளறிப் புழு தின்றுகொண்டு நின்றது ஒரு ஜயன்ட் ஆன்ட்பிட்டா.

ஆன்ட்பிட்டா எப்படி இருக்கும் என்றால், குளிர்காலத்தில் நம் ஊருக்கு வரும் ஆறுமணிக்குருவியின் சாயத்தையெல்லாம் வெளுத்து, வாலை நறுக்கி, காலை இரண்டு மடங்கு இழுத்து விட்டது போல. இரண்டுக்கும் உறவு கிடையாது, உடல்வாகுதான் ஒன்று. இருட்டான, ஈரமான அடிக்காட்டில் தரையோடு தரையாக நடமாடும். குரல் கேட்கும், ஆள் தெரியாது. இந்தப் பெரிய ஆன்ட்பிட்டாவைக் கண்ணால் கண்டவர்கள் அதுவரை விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். பாஸ் அதற்குப் புழுவை வீசிப் பார்த்தார். ஓடிவிட்டது. மறுபடி வீசினார். விடாமல் முயன்று கடைசியில் அது புழுவை எடுக்கும் அளவுக்குப் பழக்கிவிட்டார். அதற்கு மரியா என்று பெயரும் வைத்தார். பிறகு மஞ்சள் நெஞ்சு ஆன்ட்பிட்டா ஒன்று வில்லி ஆனது, குட்டி இனம் ஒன்று ஷகிரா ஆனது.

அங்கே நடப்பதைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். இருட்டு விலகுவதற்குள் மறைவிடத்தில் உட்கார்ந்து சிவப்புப் பறவைகளின் ஆட்டத்தைப் பார்த்தாகிவிடும். பிறகு சேற்றுத் தடத்தில் வரிசையாக நிற்கச் சொல்வார்கள். பாஸ் கையில் ஒரு டப்பா, உள்ளே மண்புழு. ஒரு கட்டை மீது நாலைந்து துண்டு வைத்துவிட்டு, "வெங்கா, மரியா, வெங்கா" என்று ஸ்பானிய மொழியில் வா வா என்று கூப்பிடுவார். மாட்டை அழைக்கிற குரல் அல்ல, அடம்பிடிக்கும் பிள்ளையைத் தாஜா பண்ணுகிற குரல். சில நாள் வரும், சில நாள் வராது. வந்தால், லட்சக்கணக்கில் செலவு செய்து வந்தவர்கள் அந்தப் பழுப்புப் பறவையை வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நிற்பார்கள். முடிந்ததும் வீட்டார் சமைத்த காலை உணவு: பச்சை வாழைக்காயை மசித்து உள்ளே சீஸோ இறைச்சியோ வைத்து உருட்டிய போலோன், கூடவே எம்பனாடா. வழிகாட்டி, சமையல், பாதை பராமரிப்பு என்று எல்லாம் குடும்பத்து ஆட்கள்தான். வருமானம் வந்ததும் மீதிக் காட்டை வெட்டாமல் விட்டதோடு, அந்த நிலமே இன்று பறவைக் காப்பகமாக நடக்கிறது. அக்கம்பக்கத்து விவசாயிகளும் பார்த்துவிட்டுத் தங்கள் காட்டில் என்ன இருக்கிறது என்று தேட ஆரம்பித்தார்கள். ஒரு பறவையைப் புழு கொடுத்துப் பழக்கும் இந்த வித்தை ஈக்வடார் முழுக்கப் பரவி, கொலம்பியாவுக்கும் போய்விட்டது.

இப்போது என் மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். மிண்டோ பக்கம் போனால் ஊரெங்கும் ஹம்மிங்பேர்ட் தொட்டிகள். சர்க்கரைத் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டால் பத்துப் பதினைந்து இனம் வந்து மொய்க்கும். அழகுக்குக் குறைவில்லை. ஆனால் அதற்குக் காடே வேண்டும் என்பதில்லை. நாலு மரமும் பூச்செடியும் உள்ள தோட்டமும், சற்றுத் தள்ளி ஏதோ ஒரு காட்டு விளிம்பும் போதும். கம்பியில் தொங்கிப் பள்ளத்தாக்கைக் கடக்கும் விளையாட்டும் மிண்டோவில் பிரபலம். அதற்குக் கம்பியைக் கட்ட இரண்டு முனையும் நடுவில் பச்சையாக ஏதோவும் இருந்தால் சரி. ஆன்ட்பிட்டா அப்படியல்ல. மேல்விதானம் கிழிந்து வெயில் உள்ளே இறங்கி அடிக்காடு காய்ந்தால் அது போய்விடும். மாட்டை உள்ளே விட்டாலும் போய்விடும். ஆக, ஆன்ட்பிட்டாவைக் காட்டிச் சம்பாதிக்கிறவர் தன் காட்டை அப்படியே வைத்திருந்தாக வேண்டும், வேறு வழி இல்லை. ஹம்மிங்பேர்டைக் காட்டிச் சம்பாதிக்கிறவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பட்டியல் வெறி பிடித்த பறவைக்காரர்களை நாம் கிண்டல் செய்வோம். இரண்டு வாரத்தில் ஐந்நூறு இனம் பார்க்க வேண்டும், ஒன்று விட்டுப்போனால் தூக்கம் வராது என்கிற ஆட்கள். எனக்கும் அவர்களோடு பயணம் போகப் பிடிக்காது. ஆனாலும் நிறமில்லாத, வாலில்லாத, புதருக்குள் ஒளியும் பறவைக்குக் காசு கொடுக்க அந்த வெறி இருந்தால்தான் முடியும். அருவி பார்க்க வருகிறவர் கொடுக்க மாட்டார். காட்சிக்கு ஒன்றுமில்லாத, வழுக்கும் சேறும் கொசுவுமாக இருக்கும் ஒரு மலைச்சரிவுக்கு விலை உண்டாக்கியவர்கள் அவர்கள்தான்.

உங்கள் கேள்வியின் இன்னொரு பாதி நன்கொடை. அதற்கு ஹோக்கோட்டோக்கோ என்ற பறவையின் கதை. 1997 நவம்பரில் தெற்கு ஈக்வடாரில் தப்பிச்சலாக்கா என்ற மலைப்பகுதியில் அமெரிக்கப் பறவையியலாளர் ராபர்ட் ரிட்ஜ்லியும் உடன் போனவர்களும் இதுவரை கேட்டிராத ஒரு குரலைக் கேட்டார்கள். ஜான் மூர் என்பவர் அதைப் பதிவு செய்து திரும்ப ஒலிக்கவிட, புதருக்குள்ளிருந்து கன்னத்தில் பெரிய வெள்ளைத் திட்டோடு ஓர் ஆன்ட்பிட்டா வெளியே வந்தது. அறிவியலுக்கே புதிய இனம். அத்தனை பெரிய பறவை அதுவரை யார் கண்ணிலும் படவில்லை என்பதை நினைத்தால் இன்றைக்கும் ஆச்சரியம்தான். 1999இல் முறைப்படி பெயரிட்டார்கள். அதற்கு முன்பே, 1998இல், அந்தப் பறவையின் பெயரிலேயே ஓர் அறக்கட்டளை தொடங்கி, அது வாழும் நிலத்தை விலைக்கு வாங்க ஆரம்பித்துவிட்டார்கள். ஹோக்கோட்டோக்கோ அறக்கட்டளையிடம் இன்று நாடு முழுவதும் பத்துக்கும் மேற்பட்ட காப்பகங்கள் இருக்கின்றன.

நிலம் வாங்கிய பணம் நன்கொடை. பயணிகளின் அறை வாடகையில் மலையை வாங்க முடியாது. அந்த வகையில் உங்கள் யோசனை சரியானதுதான்: காடு வாங்க வேண்டுமென்றால் நன்கொடைதான் வேகமான வழி. ஆனால் வாங்கிய காட்டை வருடா வருடம் காப்பாற்ற வேண்டுமே. காவலருக்குச் சம்பளம், எல்லைக் கல், வழிக்குச் சங்கிலி, வேலி உடைந்தால் சரிசெய்ய ஆள். நன்கொடையாளருக்கு இதெல்லாம் சுவாரசியமில்லாத செலவு. புதிதாக நிலம் வாங்க என்றால் பணம் வரும், பழைய காவலருக்குச் சம்பளம் என்றால் வராது. அந்த இடைவெளியைத்தான் அறக்கட்டளையே நடத்தும் லாட்ஜ்கள் ஓரளவு நிரப்புகின்றன. பியூனவென்சூரா காப்பகத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. கழுத்திலிருந்து ஒரு அடி நீளத்துக்குச் சதை தொங்கும் குடைப்பறவைதான் அதற்குப் பெயரும் விளம்பரமும். அதே காட்டில் எல் ஓரோ கிளி என்ற, 1980இல்தான் கண்டுபிடிக்கப்பட்ட, மிகக் கொஞ்சமே மிஞ்சியிருக்கும் கிளிக்குப் பெட்டிக் கூடுகள் வைத்துப் பெருக்குகிறார்கள். அங்கே காவலர்களாகவும் பணியாளர்களாகவும் இருப்பவர்கள் சுற்றுப்புறத்து ஊர்க்காரர்கள். இன்னொன்றும் உண்டு. இப்படிப்பட்ட அமைப்புகளுக்குப் பெரிய தொகை கொடுக்கிறவர்களில் பலர் ஒரு காலத்தில் அங்கே பைனாகுலரோடு வந்து சேற்றில் நின்றவர்கள். பார்க்காத காட்டுக்கு யாரும் எளிதில் பெரிய காசோலை எழுதுவதில்லை.

அமேசான் பக்கம் கதை வேறு. அங்கே பல இடங்களில் நிலம் தனி ஆளுக்கல்ல, இனக்குழுவுக்குச் சொந்தம். யாசுனி தேசியப் பூங்காவுக்குள் அன்யாங்கு என்ற கிச்வா சமூகம் நாப்போ ஆற்றுப் பக்கம் லாட்ஜ் ஒன்றைத் தானே நடத்துகிறது. முழு உரிமையும் அவர்களுடையது. கிளிகள் மண் தின்ன இறங்கும் களிமண் சரிவுகள் அவர்கள் நிலத்தில் இருக்கின்றன. காலையில் நூற்றுக்கணக்கில் இறங்கி, பருந்து நிழல் பட்டால் ஒரே வீச்சில் எழும்பி, மறுபடி இறங்கும். அந்தக் காட்சிக்காக ஊரே கூடிப் பேசித் தங்கள் எல்லைக்குள் வேட்டையை நிறுத்திக்கொண்டது. வேட்டையில் வளர்ந்த சமூகம் அதை விட்டது சின்ன முடிவல்ல. வெளியார் வந்து சட்டம் போட்டிருந்தால் நடந்திருக்காது என்பது என் எண்ணம்.

இவ்வளவு சொன்னதால் பறவைப் பயணம் எல்லாவற்றையும் தடுத்து நிறுத்திவிடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். மிண்டோவையே எடுங்கள். 1997இல் தென் அமெரிக்காவின் முதல் 'முக்கியப் பறவைப் பகுதி' என்று உலகப் பறவைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று அறிவித்தது அந்தக் காட்டைத்தான். கிறிஸ்துமஸ் காலத்து ஒருநாள் கணக்கெடுப்பில் 400க்கும் மேற்பட்ட இனங்கள் எண்ணப்படும் வட்டாரம் அது. ஆனாலும் 2001க்கும் 2003க்கும் நடுவில் கச்சா எண்ணெய்க் குழாய் அந்த மலை முகட்டின் வழியாகத்தான் போனது. உள்ளூர் ஆட்களும் ஆர்வலர்களும் மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்து மறித்துப் பார்த்தார்கள், குழாய் நிற்கவில்லை. எண்ணெய் என்று வந்தால் பறவைக் கணக்கு எடுபடாது என்று பலர் அன்றைக்கு முடிவுகட்டினார்கள்.

ஆனால் அதே வட்டாரத்தில் இருபது வருடம் கழித்து வேறொன்று நடந்தது. ஒரு பகுதி கிட்டோ நகராட்சிக்குள் வரும் சோக்கோ ஆண்டினோ மலைக்காடு, 2018இல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகமாக ஆனது. அங்கே தங்கமும் செம்பும் தோண்ட அனுமதிக்கலாமா என்று 2023 ஆகஸ்ட் 20 அன்று கிட்டோ மக்களிடமே வாக்கெடுப்பு நடந்தது. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேற்பட்டவர்கள் வேண்டாம் என்றார்கள். அதே நாளில் நாடு தழுவிய இன்னொரு வாக்கெடுப்பில் யாசுனியில் எண்ணெய் எடுப்பதை நிறுத்தவும் பெரும்பான்மை சொன்னது. இதைப் பறவைச் சுற்றுலா மட்டும் சாதித்தது என்றால் அது பொய். தண்ணீர், விவசாயம், பழங்குடியினர் உரிமை என்று எத்தனையோ குரல்கள் சேர்ந்தது. ஆனாலும் காடு நின்றால் எனக்குச் சோறு என்று நேராகச் சொல்லக்கூடிய ஒரு கூட்டம் அந்த மலைக் கிராமங்களில் உருவாகியிருந்தது. 2001இல் அந்தக் கூட்டம் சின்னது. 2023இல் ஊருக்கு ஊர் இருந்தது. ஒரு பயணியின் கட்டணம் செய்கிற பெரிய வேலை இதுதான் என்று நினைக்கிறேன்.

கெடுதலும் உண்டு. பறவையின் குரலைப் போனில் ஒலிக்கவிட்டு வரவழைக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது. தன் எல்லைக்குள் எதிரி நுழைந்துவிட்டான் என்று நம்பி அது கத்திக்கொண்டு வரும். ஆள் வராத காட்டில் ஒருமுறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஆனால் புகழ்பெற்ற இடத்தில், ஒரே ஜோடியை, தினமும் நாலு குழு தொந்தரவு செய்தால் அது கூட்டைக் கவனிப்பதா, இல்லாத எதிரியைத் தேடுவதா? புழு போடுவதைப் பற்றியும் முணுமுணுப்பு உண்டு. காட்டுப் பறவையைக் கையேந்த வைக்கலாமா, நோய் பரவாதா, ஒரே இடத்துக்கு வந்து பழகினால் வேட்டை விலங்குக்கு இரையாகாதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்விகள். நாளுக்கு ஓரிரு முறை, சில துண்டுப் புழு என்ற அளவில் நடக்கும் வரை, நாள் முழுக்க ஒலிபெருக்கியை வைத்து ஓட ஓட விரட்டுவதைவிட அது எவ்வளவோ மேல் என்று நான் சொல்வேன். புழு போடும் இடத்தில் காடு நிற்கிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

2020இல் விமானங்கள் நின்றபோது இந்த ஏற்பாட்டின் பலவீனம் எல்லோருக்கும் தெரிந்தது. பயணிகளை மட்டுமே நம்பிய லாட்ஜ்களுக்கு வருமானம் ஒரே வாரத்தில் பூஜ்யம். கொஞ்சம் காப்பித் தோட்டம், கொஞ்சம் பழம், கொஞ்சம் நன்கொடை என்று பல காலில் நின்றவர்கள் தாக்குப்பிடித்தார்கள். விமானப் புகையும் கேட்க வேண்டிய கேள்வி. சென்னையிலிருந்து கிட்டோ போய்வருவது உலகத்தையே கிட்டத்தட்ட ஒருமுறை சுற்றுவது போல. காட்டைக் காப்பாற்றத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு அந்தப் புகையை நியாயப்படுத்த முடியாது. அந்தப் பறவைகளைப் பார்க்க ஆசை, அதனால் போகிறேன், போவதுதான் என்றால் காட்டுக்கு உதவும்படி போகிறேன் என்பதுதான் நேர்மையான பேச்சு.

காட்டுக்கு உதவுவது மட்டுமே நோக்கம் என்றால் விமானமே ஏற வேண்டாம். அருணாசலப் பிரதேசத்தில் பக்கே புலிகள் காப்பகத்தை ஒட்டி நிஷி மக்கள் வாழ்கிறார்கள். பெரிய இருவாச்சியின் அலகைத் தலைப்பாகையில் அணிவது அவர்கள் மரபு, அதற்காக வேட்டையும் நடந்தது. 2011இலிருந்து ஊர்ப் பெரியவர்களின் கோரா ஆபே சங்கம், வனத்துறை, நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷன் மூன்றும் சேர்ந்து ஒரு திட்டம் நடத்துகின்றன. நகரத்தில் இருக்கிறவர் ஒரு கூட்டைத் தத்தெடுத்துப் பணம் அனுப்பலாம். அந்தப் பணத்தில் ஊர் ஆட்கள் கூட்டுக் காவலர்களாகச் சம்பளம் வாங்குகிறார்கள். அவர்களில் முன்பு வேட்டைக்குப் போனவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் காவல் காப்பது காப்பகத்துக்கு வெளியே, மரவெட்டு நடக்கும் காட்டில் என்பது இதில் முக்கியம். இருவாச்சிப் பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் போய் வாசலை அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் உள்ளேயே இருக்கும். ஆண்தான் இடுக்கு வழியாகப் பழம் கொண்டுவந்து ஊட்டும். பொந்து விழும் அளவுக்குப் பருத்த மரம் இல்லையென்றால் இந்தக் குடும்பமே இல்லை. ஒரு கூட்டைக் காப்பது நூறு வருட மரத்தையும் சுற்றியுள்ள பழமரங்களையும் காப்பதுதான். ஆன்ட்பிட்டா கணக்கு இங்கேயும் பொருந்துகிறது.

அதே மாநிலத்தில் ஈகிள்நெஸ்ட் சரணாலயம். வானியலாளராக இருந்து பறவைக்காரர் ஆன ரமணா ஆத்ரேயா 2006இல் புகுன் லியோசிக்லா என்ற புதிய இனத்தை விவரித்தார். இருப்பதே ஒருசில ஜோடிகள்தான் என்பதால் ஒன்றைக்கூடக் கொல்லாமல், படங்களையும் சில இறகுகளையும் வைத்தே பெயரிட்டார். பறவைக்குப் பெயர் அந்த மண்ணின் புகுன் மக்கள் பெயர். அவர்கள் அங்கே முகாம் நடத்திப் பயணிகளை வரவேற்றதோடு நில்லாமல், 2017இல் தங்கள் சமூக நிலத்தில் 17 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாகவே அறிவிக்க வைத்தார்கள். கண்டிப்பாகப் பார்த்தால் அந்தப் பறவை இருக்கும் உயரம் வெப்பமண்டல மழைக்காடு அல்ல, அது கீழே அடிவாரத்தில்தான். ஆனால் முகாமிலிருந்து ஒரே சாலையில் இறங்கி இரண்டையும் பார்த்துவிடலாம்.

இலங்கையின் சிங்கராஜா இன்னும் பக்கம். 1970களில் ஒட்டுப்பலகைக்காக வெட்ட ஆரம்பித்து, எதிர்ப்பு கிளம்பி 1977இல் நிறுத்திய காடு அது. 1988இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பல இனப் பறவைகள் கலந்து ஒரே கும்பலாக நகரும் காட்சிக்குப் பெயர் போனது. அந்தக் கும்பலைக் காட்டுக்கு உள்ளே போனால்தான் பார்க்க முடியும். உள்ளூர் வழிகாட்டி இல்லாமல் நுழைய முடியாது என்பதால் கிராமத்துக்கு வேலை கிடைக்கிறது. வால்பாறையும் இருக்கிறது, தேயிலைக்கு நடுவே மிஞ்சிய சோலைத் துண்டுகளும் அவற்றில் இருவாச்சியும். அங்கே தோட்ட நிறுவனங்களோடு பேசி மழைக்காட்டு மரங்களை நட்டு மீட்கும் வேலை பல வருடங்களாக நடக்கிறது. ஆனால் வால்பாறை ரிசார்ட் வாடகை அந்த வேலைக்குப் போகிறது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அது தனி, இது தனி.

சரி, உங்கள் பன்னிரண்டு நாள் பயணத்துக்கு வருவோம். நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒவ்வொரு இரவும் தங்கும் இடம் யாருக்குச் சொந்தம், அதை ஒட்டிய காடு யாருக்குச் சொந்தம் என்று கேளுங்கள். பதில் ஒரே வரியில் வர வேண்டும். சுற்றி வளைத்தால் புரிந்துகொள்ளலாம். கூட வரும் தலைமை வழிகாட்டி தவிர, ஒவ்வொரு இடத்திலும் அந்த ஊர் வழிகாட்டியைக் கூலி கொடுத்து வைக்கிறார்களா என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் எல்லாம் தெரிந்த ஒரே ஆளை வெளியிலிருந்து கூட்டிவந்து செலவை மிச்சம் பிடிக்கும், அப்போது கிராமத்தில் மிஞ்சுவது மதியச் சாப்பாட்டுக் காசுதான். குரல் ஒலிக்கவிடுவதற்கு என்ன விதி வைத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள். கடைசியாக அவர்களுடைய பறவைப் பட்டியலை எடுத்து, ஆன்ட்பிட்டா, குடைப்பறவை, தரையில் திரியும் எறும்புப் பறவைகள் எத்தனை, தொட்டியடியில் பார்க்கும் ஹம்மிங்பேர்டும் டானஜர் என்ற வண்ணக் குருவிகளும் எத்தனை என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். பின்னது மட்டும் நிறைந்திருந்தால் அது தோட்டச் சுற்றுலா. தினம் ஒரு ஊர் என்று ஓட வைக்கும் திட்டத்தையும் நான் எடுக்க மாட்டேன். மூன்று இரவு ஒரே இடத்தில் தங்கினால் வாடகை, சாப்பாடு, கூலி மூன்றும் அங்கேயே இறங்கும், வராத மரியாவுக்கும் இன்னொரு காலை கிடைக்கும்.

இந்தப் பதில்கள் திருப்தியாக இருந்தால் போய்வாருங்கள், "ஒரு பகுதி" என்ன ஆனது என்று கவலைப்பட வேண்டாம். இல்லையென்றால் பயணத்தை மாற்றுங்கள். அதே பணத்தில் பக்கேயில் பல கூடுகளைத் தத்தெடுத்த பிறகும் ஈகிள்நெஸ்ட் போய்வர மிஞ்சும்.

ஈக்வடார்தான் என்று முடிவானால் இரண்டு நடைமுறை விஷயம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கிளம்புவதற்குப் பத்து நாளாவது முன்னால் போட்டுச் சான்றிதழை வைத்துக்கொள்ளுங்கள், சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுவார்கள். இல்லாமல் இந்தியா திரும்பினால் விமான நிலையத்திலிருந்து நேராகத் தனிமைப்படுத்தும் அறைதான். அங்கே 2000லிருந்து புழக்கத்தில் இருப்பது அமெரிக்க டாலர். மலைக் கிராமத்தில் நூறு டாலர் நோட்டை நீட்டினால் சில்லறை கிடைக்காது. ஐந்தும் பத்துமாகக் கொண்டுபோனால், வழிகாட்டிக்கும் சமைத்தவருக்கும் தனித்தனியாக அவரவர் கையிலேயே கொடுத்துவிடலாம்.